பந்தக்கால் கட்டிய பெட்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

"பயிற்சி நாளில் வந்து அரை மணி நேரம் பேசுங்க அக்கா" என்று உங்கள் சூப்பர்வைசர் போனில் கேட்டபோது சரி என்று தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் எதிர்ப்பக்கம் தெரியாது என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மறந்துபோகிறது. அவர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அவரே கூப்பிட்டபோது, எனக்கு மேடையில் பேச வராது, எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். இதை இப்போது வாசித்துக்கொண்டிருப்பவர் கொஞ்சம் மெதுவாக வாசிக்கவும். யாரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்க்க வேண்டாம்.

நான் ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்தேன். என்னை லேட் கட்டணப் பிரிவில் போட்டார்கள். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு போன், நான். இந்த மூன்றில் எனக்குப் பிடிக்காதது போன்.

வேலை என்னவோ எளிதுதான். கப்பலில் வரும் கண்டெய்னரை நாங்கள் பெட்டி என்போம். வியாபாரி அதைத் துறைமுகத்திலிருந்து எடுத்துப்போய், சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியை டிப்போவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குச் சில நாட்கள் இலவசம். அதைத் தாண்டினால் நாளுக்கு நாள் கட்டணம் ஏறும். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து, வைத்திருப்பவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்பதுதான் என் பிழைப்பு. முன்பின் தெரியாத ஆம்பளைகளைத் தினமும் கூப்பிட்டு, எங்கள் பொருளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்தால் எனக்கு ஒரு சொல் வராது. அதனால் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன். "வணக்கம். உங்களிடம் உள்ள எங்கள் பெட்டியை எப்போது திருப்பி அனுப்புவீர்கள்? இலவச நாட்கள் முடிந்துவிட்டன." மூச்சு விடாமல் இதைச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்பேன். எதிர்ப்பக்கம் வேறு கேள்வி கேட்டால் மறுபடியும் இதையே சொல்வேன். பல பேர் என்னை டேப் ரிக்கார்டர் என்றே நினைத்திருந்தார்கள்.

போனுக்குப் பயந்துதான் நேரில் போக ஆரம்பித்தேன். என் சின்ன மோட்டாரை எடுத்துக்கொண்டு கிள்ளான், காப்பார், மேரு என்று சுற்றுவேன். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அப்படிச் சுற்றியதில் ஒன்று கற்றுக்கொண்டேன். உங்கள் கம்ப்யூட்டரில் "காலி" என்று காட்டும் பெட்டி அநேகமாகக் காலியாக இருக்காது. ஒருவர் அதில் கோழி வைத்திருப்பார். இன்னொருவர் மழைக்கு மோட்டார் நிறுத்தியிருப்பார். ஒரு வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடந்துகொண்டிருந்தது. வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அந்தப் பெட்டியைக் கேட்க எனக்கு இன்னொரு வாரம் பிடித்தது.

இனி, மாணிக்கம் அண்ணன் பெட்டிக்கு வருகிறேன்.

அது எண்பதுகளில் ஒரு தை மாதம். நம்மவர்களுக்குக் கல்யாண மாதம். சீனப் புத்தாண்டுப் பெருநாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. பெருநாளுக்கு முன்னால் சரக்கைக் கப்பல் ஏற்றிவிட எல்லோரும் பறப்பார்கள். அதனால் ஊரெங்கும் கோசோங் பெட்டிக்குப் பஞ்சம். கோசோங் என்றால் காலி. துறைமுகத்தில் எல்லா இனத்தவரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் டிப்போவில் அந்த வாரம் கோசோங்காக இருந்தது டிப்போ மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஆபீசுக்கு ஒரு தவுக்கே, அதாவது முதலாளி, வந்தார். காப்பார் பக்கம் தகரக் கொட்டகை போட்டு ரப்பர் மரத்தில் நாற்காலி செய்கிற சீனர். தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும். மரியாதை மட்டும் வராது. பெரிய அதிகாரியாக இருந்தாலும் நீ, வா, போதான்.

"நீ பெட்டி குடுக்கிறேன்னு சொன்ன. எங்க பெட்டி?" என்று எங்கள் மேனேஜரைக் கேட்டார்.

"இல்ல தவுக்கே. ஒண்ணுகூட இல்ல. அடுத்த கப்பல்ல போடுவோம்லா."

"அடுத்த கப்பலு பெருநாளுக்கு அப்புறம். வாங்கறவன் இந்தக் கப்பலுன்னு சொல்லிட்டான். இல்லன்னா வேணாம்னு சொல்லிட்டான்." தவுக்கே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அது ஆடியது. கீழே குனிந்து அதன் காலைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மேலே சொன்னார். "வெளிநாட்டுக்கு இதான் என் மொத ஆர்டரு. இது போச்சுன்னா பெருநாளுக்கு வீட்டுக்குப் போற பசங்கள திரும்பி வராதேன்னுதான் சொல்லணும். கொட்டாய பூட்டிருவேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

அந்தக் கப்பலுக்குத் திங்கட்கிழமை மாலையோடு துறைமுக கேட்டை மூடிவிடுவார்கள். வெளியே நின்ற எங்கள் பெட்டிகள் எல்லாம் ஈப்போவிலும் தெமர்லோவிலும் இருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றே ஒன்றுதான். மாணிக்கம் அண்ணன் என்பவரிடம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். வீடும் சரக்கு வைக்கும் ஸ்டோரும் கிள்ளானில். இந்தியாவிலிருந்து எவர்சில்வர் பாத்திரம் இறக்குவார். அவருடைய இலவச நாள் முடிந்துபோய்க் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது.

"லீலா, நீயே நேர்ல போ. பெட்டிய எடுக்க லோரி வருதுன்னு சொல்லிட்டு வா. கெஞ்சாத" என்றார் மேனேஜர்.

போனேன். வீட்டு வாசலில் வாழைமரம். முற்றம் முழுக்கப் பந்தல். பந்தலின் ஒரு பக்கச் சுவராக எங்கள் பெட்டி, டிரெய்லரோடு நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பெட்டியை அதன் சக்கர வண்டியோடு வீட்டில் விட்டுப் போவார்கள். காலியானதும் தலை லோரி மட்டும் வந்து இழுத்துப் போகும். பந்தல் துணியின் கயிறெல்லாம் பெட்டியின் கூரையில் கட்டியிருந்தது. உள்ளே வாழைத்தார், அரிசி மூட்டை, தேங்காய். பெட்டியின் பின்பக்கம், இடது கதவின் ஓரத்தில், மாவிலையும் மஞ்சள் துணியும் சுற்றிய மூங்கில் ஒன்று கட்டப்பட்டிருந்தது. மஞ்சள், சந்தனம், குங்குமம் எல்லாம் கதவு வரை அப்பியிருந்தது.

பந்தக்கால்.

உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கல்யாண வீட்டில் முதலில் நடுவது அதைத்தான். நல்ல நேரம் பார்த்து, பால் ஊற்றி நடுவார்கள். கல்யாணம் முடியும் வரை அதை அசைக்கக் கூடாது. அசைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாததால்தான் அதற்கு அவ்வளவு பயம்.

மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "வாம்மா. பசியாறியாச்சா? லேட் காசுதானே? போட்டுக்க. கல்யாணச் செலவுல அதுவும் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை நீயும் வந்துரு."

"பெட்டி வேணும்ண்ணே" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"என்னாது?"

"பெட்டி."

பின்னாலிருந்து அவர் மனைவி பாக்கியம் அக்கா வந்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே என்னைப் பந்தக்கால் வரை கூட்டிப்போய் நிறுத்தினார். "இத எப்டிம்மா எடுப்ப?"

"ஏன்க்கா இதுல கட்டினீங்க?"

"உங்க அண்ணன கேளு. போன வருசம் வாசல் பூரா சிமிட்டி போட்டாரு. காலு ஊன்ற ஒரு புடி மண்ணு இல்ல. ஐயரு நேரம் போவுது நேரம் போவுதுங்கிறாரு. எங்க கட்டுறதுன்னு சுத்திச் சுத்திப் பாத்தேன். இந்த வீட்ல அசையாம நிக்கிறது இது ஒண்ணுதான்."

நான் குனிந்து டிரெய்லரின் சக்கரங்களைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "நாந்தான் சொன்னேன்ல, அதுக்கு வீலு இருக்குன்னு" என்றார் அண்ணன். "நீங்க சும்மா இருங்க. சிமிட்டி போட்டவரு" என்றார் அக்கா.

அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் செய்தேன். மேனேஜர் சிரிக்கவில்லை. "அவுத்து வேற எதுலயாச்சும் கட்டச் சொல்லு. பெட்டி நம்மளுது, சட்டமும் நம்ம பக்கம். அரை மணி நேரத்துல லோரி அனுப்புறேன்."

சட்டம் எங்கள் பக்கம்தான். ஆனால் சட்டத்தோடு நின்றது நான். எதிரே ஒரு தாய், ஈரக்கையோடு. தங்கைகளே, தம்பிகளே, இந்த வேலையில் இந்த இடம் உங்களுக்கு அடிக்கடி வரும். ஒருவரால் கொடுக்க முடியாத ஒன்று இல்லாமல் இன்னொருவரால் இருக்க முடியாது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அப்போது ரேட்டைக் கணக்குப் போட்டு ஒரு புண்ணியமும் இல்லை.

என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். கூச்சக்காரிக்கு ஒரு வசதி, சும்மா நின்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்போது கல்யாணச் சாமான் ஏற்றிய ஒரு லோரி வந்தது. இரண்டு பேர் இறங்கி, வாழைத்தாரைத் தோளில் வைத்துப் பெட்டிக்குள் ஏற்றினார்கள். வலது கதவைத் திறந்தால் போதும், பந்தக்கால் கட்டிய இடது கதவைத் தொட வேண்டியதே இல்லை. அவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழைத்தார் ஏறுகிற பெட்டியில் நாற்காலி ஏறாதா?

தவுக்கேக்குப் பெட்டிதான் வேண்டும். அது அவர் கொட்டகைக்குப் போய்த்தான் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? நாங்கள் எல்லோரும் அதுவரை பெட்டியை அசைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நாற்காலிக்குத்தான் நான்கு கால் இருக்கிறதே, அது வரட்டும்.

மறுபடி போன் செய்தேன். மேனேஜரிடம் இதைச் சொல்லி, லோரியை நிறுத்தச் சொன்னேன். "அப்படி யாரும் செஞ்சதில்ல" என்றார்.

"கூடாதுன்னும் யாரும் சொல்லலயே சார்."

"பெட்டி டிப்போவுக்கு வந்து இன்ஸ்பெக்ஷன் ஆகணும். அப்புறந்தான் வேற ஆளுக்குக் குடுக்கலாம்."

"இன்ஸ்பெக்டரே இங்க வந்தா?"

"ஞாயித்துக்கிழமை. கல்யாண வீட்டுக்கு. பாக்சிக். நீ கூப்பிட்டு வருவ." ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, எண்ணுவது போல் சொன்னார். பிறகு, "சரி. கப்பல் லைன்காரங்கள நான் பாத்துக்கிறேன். பாக்சிக்க நீ பாத்துக்க" என்றார்.

பாக்சிக் எங்கள் டிப்போவின் பெட்டிப் பரிசோதகர். மலாய்க்காரர். மோந்து பார்க்காமல் ஒரு பெட்டிக்கும் கையெழுத்துப் போட மாட்டார் என்று பெயர். நான் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் மீசையைத் தடவினார்.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு."

"வாழை இலைச் சாப்பாடு, பாக்சிக்."

"ஆட்டிறைச்சி?"

"சைவம்."

மீசையை இன்னொரு முறை தடவினார். "பாயசம் உண்டா?"

"ரெண்டு வகை."

"எத்தனை மணிக்கு வரவேண்டும்?" என்றார்.

பாக்கியம் அக்காவிடமும் பேசி முடித்தேன். ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் நாற்காலி ஏறும். திங்கள் லோரி வந்து பெட்டியை எடுக்கும். அக்கா ஒரு நிபந்தனை போட்டார். அவர்கள் குடும்ப வழக்கப்படி பொண்ணும் மாப்பிள்ளையும் மறுநாள் மறுவீடு வந்து, ஆரத்தி எடுத்த பிறகுதான் பந்தக்காலை எடுக்கலாம். "திங்கக்கெழம மத்தியானமே வந்துருவாங்க. அதுக்கு முன்னாடி யாரும் பந்தக்காலு கயித்துல கை வைக்கக் கூடாது. நீ எனக்குச் சொல்லு." சொன்னேன். தவுக்கேயிடமும் திங்கள் மாலைக்குள் பெட்டி துறைமுகத்தில் இருக்கும் என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே வாயால் வாக்குக் கொடுத்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாணிக்கம் அண்ணன் மகள் மலருக்குக் கல்யாணம். பாக்சிக் புது சட்டை போட்டுக்கொண்டு, கையில் டார்ச் லைட்டோடு வந்தார். பெட்டியைக் காலி செய்து பெண்கள் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். அவர் அதன் பின்னால் போய், பந்தக்காலையும் மாவிலையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டூலில் கால் வைத்து ஏறி உள்ளே போனார். இது சாமி இருக்கிற இடம் என்று அவராக முடிவு செய்துகொண்டார். நானும் திருத்தவில்லை.

பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டு, எங்கேயாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பாக்சிக்கும் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார். அந்த நேரம் பார்த்து மணவறையில் கூப்பிட்டார்கள், எல்லோரும் முன்னால் போனோம். கதவு திறந்து கிடந்தால் பிள்ளைகள் ஏறி விளையாடும் என்று, போகிற வழியில் ஓர் அத்தை நல்ல மனதோடு தாழைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஐயர் கையை உயர்த்தினார். கெட்டி மேளம். தாலி கட்டியாயிற்று. மஞ்சள் அரிசி பறந்தது. மேளத்தோடு கூட இன்னொரு தாளமும் கேட்டது போலிருந்தது. நல்ல கனமான தாளம். "தவுலு இன்னிக்கி தூள்லா" என்றார் பக்கத்திலிருந்தவர். மேளம் நின்றது. அந்தத் தாளம் நிற்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். பெட்டிக்குக் கீழே ஒரு ஜோடி சப்பாத்து.

ஓடிப்போய்த் தாழைத் தூக்கினேன். பாக்சிக் வேர்வையில் குளித்துப்போய் இறங்கினார். கையில் இருந்த மஞ்சள் அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையிலேயே போட்டுவிட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஓட்டையே இல்லை. ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. இவ்வளவு நேரம் நான் எந்தப் பெட்டியையும் பரிசோதித்ததில்லை." கையெழுத்துப் போட்டார். பாயசம் மூன்று முறை வாங்கினார்.

சாப்பாடு முடிந்ததும் தவுக்கேயின் லோரி வந்தது. அவர் ஆட்களோடு மாப்பிள்ளையின் கூட்டாளிகளும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கைகொடுத்தார்கள். ஒரு கதவு வழியாக நாற்காலி ஏற்றுவது லேசான வேலை இல்லை. நடுவில் வேலை நின்றது. பார்த்தால், இறக்கி வைத்த நாற்காலியில் ஒரு பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"ஏ, எந்திரி. அது கப்பலுக்குப் போற நாக்காலி" என்றார் தவுக்கே.

"போவட்டும். நல்லாத்தான்யா செஞ்சிருக்க. ஆடவே இல்ல."

தவுக்கே அப்படியே நின்றார். "ஆடலல்ல?" என்று கேட்டார். பிறகு அந்த நாற்காலியைக் கடைசியாக ஏற்றச் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் மணி என்ற டிரைவர் தலை லோரியைக் கொண்டுவந்து டிரெய்லரோடு பூட்டினான். பந்தல் கயிறெல்லாம் அவிழ்த்தாயிற்று. மிச்சம் பந்தக்கால் மட்டும். பொண்ணு மாப்பிள்ளை வரவேண்டியதுதான் பாக்கி.

வரவில்லை. அம்பாங்கிலிருந்து வரவேண்டும். டீ வந்தது, பலகாரம் வந்தது, அவர்கள் வரவில்லை. வெயில் சாய்ந்தது. மணி என்னிடம் வந்து, "அக்கா, இப்பப் போனாத்தான் கேட்டுக்குள்ள நுழைய முடியும். என்கிட்ட கத்தி இருக்கு. ஒரு இழுப்பு. அந்த அம்மா உள்ளதான் இருக்காங்க" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள், சக்கரத்தின் ஓரம் குந்தியிருந்த தவுக்கே நிமிர்ந்தார். அவரைவிட அவசரம் அங்கே யாருக்கும் கிடையாது. "வெட்டாத. எங்களுக்கும் பெருநாளு வருது. அடுத்தவன் வீட்டுக் கயித்த வெட்டிட்டு நான் எப்டி சோறு திங்கறது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தங்காச்சி, நீதான லேட்டுக்கு ஆளு? லேட்டா இருக்கிறவன கூப்புடு" என்றார்.

வீட்டுக்குள் போனேன். பாக்கியம் அக்கா சம்பந்தி வீட்டு நம்பரைக் கொடுத்தார். பெண் வீட்டார் கூப்பிட்டு அவசரப்படுத்தினால் மரியாதை இல்லை என்று அவர் போனைத் தொடவில்லை. நான் டயலைச் சுற்றினேன். எதிர்ப்பக்கம் ஓர் ஆண் குரல், மாப்பிள்ளையின் அப்பா. என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது. வாய் தானாக ஓடியது.

"வணக்கம். உங்களிடம் உள்ள எங்கள் பெண்ணை எப்போது திருப்பி அனுப்புவீர்கள்? இலவச நாட்கள் முடிந்துவிட்டன."



"யாரும்மா பேசுறது?"

"கிள்ளான்... லேட் கட்டணப் பிரிவு."

அந்தப் பக்கம் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ சொல்வது கேட்டது. "ஏய், பொண்ணு வீட்ல லேட்டுக்குக் காசு போடுறாங்களாம்லா." பெரிய சிரிப்பு. பிறகு என்னிடம், "இங்க அத்தைங்க மூணு பேரு பலகாரத்த ஊட்டிக்கிட்டு விட மாட்டேங்கிறாங்கம்மா. இப்பவே காடியில ஏத்துறேன்" என்றார்.

அவர்கள் கார் வந்து நின்றபோது மணி என்ஜினை ஓடவிட்டிருந்தான். அக்கா ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தார். ஆரத்தி சுற்றினார், பொட்டு வைத்தார், தண்ணீரை வாசலில் ஊற்றினார். அதே ஓட்டத்தில் பின்னால் போய், பந்தக்காலில் பால் தெளித்து, கும்பிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். கடைசி முடிச்சு இறுகிக் கிடந்தது. மஞ்சள் துணியும் மாவிலையும் கதவுக் கம்பியோடே நின்றுவிட்டன. "இருக்கட்டும். போ சாமி, நல்லபடியா போ" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். மருமகனுக்குக்கூட அவ்வளவு உருக்கமாக அவர் எதுவும் சொல்லி நான் பார்க்கவில்லை.

லோரி போனது. தவுக்கே மணிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். துறைமுகத்தில் கேட்டை இழுத்து மூடிக்கொண்டிருந்த காவலர் மாவிலையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கல்யாணமா?" என்று கேட்டாராம். "ஆமா, உடு. பொண்ணு உள்ள இருக்கு" என்றாராம் தவுக்கே. கேட் திரும்பத் திறந்தது.

கொட்டகையைப் பூட்டவில்லை. பெருநாளுக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

மாணிக்கம் அண்ணன் கட்டணத்தை நாற்காலி ஏறிய நாளோடு நிறுத்தச் சொன்னார் எங்கள் மேனேஜர். அதுவரைக்கும் உள்ளதை அண்ணன் முகம் சுளிக்காமல் கொடுத்தார். லேட் கட்டணம் நமக்கு வருமானம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கோயில் மணி மாதிரி. ஆட்களை வரவழைக்கத்தான் அடிக்கிறோம். மணி அடிப்பதே பூசை ஆகாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

இரண்டு மாதம் இருக்கும், கப்பல் போய்ச் சேர்ந்த வெளிநாட்டு டிப்போவிலிருந்து எங்களுக்கு டெலெக்ஸ் வந்தது. பெட்டியின் இடது கதவில் மஞ்சளும் சிவப்புமாகத் தூள், காய்ந்த இலை, கயிறு. என்ன பொருள் என்று தெரிவிக்கவும். ஆபத்தானதா? தொடலாமா?

மேனேஜர் அதை என் மேசையில் போட்டுவிட்டு, "உன் கல்யாணம், நீயே பதில் சொல்லு" என்று போய்விட்டார். மஞ்சள், குங்குமம், மாவிலை, ஆபத்து இல்லை என்று அடித்தேன். அவர்கள் விடவில்லை. அடுத்த டெலெக்ஸ் வந்தது. நன்றி. சரக்கு நல்லபடி வந்து சேர்ந்தது. கதவைக் கழுவிவிடலாமா, அல்லது அது அங்கே இருக்க வேண்டுமா?

இதற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? கட்டியவர்தான் சொல்ல வேண்டும். போனைப் பார்த்தேன். போன் என்னைப் பார்த்தது. பாக்கியம் அக்கா வீட்டு நம்பரைச் சுற்றி, விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாக்கியம்கூட மனப்பாடம் செய்துகொள்ளாமல்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கழுவ வேணாம்னு சொல்லும்மா. மலரு முழுகாம இருக்கா. இன்னும் கொஞ்ச நாளைக்கு அசையாம இருக்கட்டும்."

அப்படியே அடித்து அனுப்பினேன்.

வாசித்தவருக்கு நன்றி. கேள்வி இருப்பவர்கள் நேரில் வாருங்கள். நான் கடைசி வரிசையில்தான் இருக்கிறேன்.